காற்றின் வரலாறும் நம் வரலாறும்



கோத்தா திங்கி வட்டாரத்தில் வாழும் நமக்கு நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் வானத்தை அண்ணாந்து பார்ப்பது வழக்கமாகிவிடும். ரப்பர் மிகுந்திருந்த காலத்தில், விடியற்காலையில் பெரட்டுக்குப் போகுமுன் மரப்பட்டை நனைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லை என்றால் அடுப்படியில் கவலை தொடங்கிவிடும். இன்று பெரும்பாலான தோட்டங்களில் செம்பனை நிற்கிறது. ஆயினும் கவலை மாறவில்லை. சாலை சேறானால் குலை ஏற்றும் வண்டி நகராது. ஜொகூர் ஆறு பெருகினால் தாழ்வான இடத்திலுள்ள வீடுகளில் பாயைச் சுருட்டவேண்டும்.

இந்த மழையைக் கொண்டுவருவது எது? காற்று. காற்றை ஓடச் செய்வது எது? கதிரவன். இது பாடப்புத்தகத்தில் இரண்டே வரியில் முடிந்துவிடும் செய்தி. ஆனால் இந்த இரண்டு வரியை மனிதன் கண்டறிய இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த அறிவு வளர்ந்த வரலாற்றுக்கு நடுவில், நம் பாட்டன் பூட்டன்மார் ஊரைவிட்டுக் கப்பலேறிய வரலாறும் கலந்திருக்கிறது. அதைத்தான் இன்று நாம் பார்க்கப்போகிறோம்.

காற்றின் காரணம் தெரியாதபோதே காற்றின் நேரத்தை நம் முன்னோர் நன்கு தெரிந்துவைத்திருந்தார்கள். சோழ மன்னன் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவில் தன் கடற்படையைக் கடாரத்தின்மீதும் சீர்விசயத்தின்மீதும் அனுப்பினான் என்பதைத் தஞ்சைக் கல்வெட்டு கூறுகிறது. சுமத்திராவின் பாரூஸ் பகுதியில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அதைப் பொறித்தவர்கள் தமிழ் வணிகக் குழுவினர். இயந்திரம் இல்லாத அக்காலத்தில் இவர்கள் வங்கக் கடலைக் கடந்தது பாயை விரித்து, காற்றை நம்பித்தான். தென்மேற்குக் காற்று கிழக்கே செல்ல உதவியது. வடகிழக்குக் காற்று திரும்பி வர உதவியது. காற்று மாறும்வரை வணிகர்கள் துறைமுகத்திலேயே காத்திருப்பார்கள். மலாக்கா பெருநகரமானதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம். சீனத்துக் கப்பல்கள் வடகிழக்குக் காற்றில் வந்து சேரும்; தென்மேற்குக் காற்றில் ஊர் திரும்பும்.

1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபின், அந்த அரச குடும்பத்தார் ஜொகூர் ஆற்றங்கரையில் புதிய அரசை நிறுவினார்கள். 1587-இல் போர்த்துக்கீசியரால் அழிக்கப்பட்ட ஜொகூர் லாமா நகரம் இன்றைய கோத்தா திங்கி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1699-இல் சுல்தான் மாமுட் கொல்லப்பட்டதும் கோத்தா திங்கியில்தான். இன்று அமைதியாகத் தோன்றும் இந்த ஆறு, அன்று காற்று கொண்டுவந்த கப்பல்களால் வாழ்ந்த ஆறு.

சரி, காற்று ஏன் ஆறு மாதம் ஒரு பக்கமும் ஆறு மாதம் மறுபக்கமும் வீசுகிறது? இதற்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்து நாட்டு வானியல் அறிஞர் எட்மண்ட் ஹாலி. வால்நட்சத்திரத்திற்குப் பெயர் தந்தவரும் அவரே. மாலுமிகள் தந்த செய்திகளைச் சேர்த்து, வெப்பமண்டலக் கடல்களில் எங்கெங்கே எந்தக் காற்று வீசுகிறது என்று 1686-இல் ஒரு படம் வரைந்து வெளியிட்டார். காற்றை இயக்குவது கதிரவனின் வெப்பமே என்றும் எழுதினார்.

அதை நாம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இருட்டில் ஒரு டார்ச் விளக்கைத் தரைக்கு நேராகப் பிடியுங்கள். சிறிய வட்டமாகப் பளிச்சென்று ஒளி விழும். அதே விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். வட்டம் நீண்டு, ஒளி மங்கும். விளக்கு ஒன்றுதான், ஒளியின் அளவும் ஒன்றுதான். பரப்பு கூடியதால் ஓரிடத்திற்குக் கிடைக்கும் பங்கு குறைந்துவிட்டது. பூமத்திய ரேகைக்கு அருகில் கதிர்கள் நேராக விழுகின்றன. துருவங்களில் சாய்ந்து விழுகின்றன. நம் கோத்தா திங்கி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 1.7 பாகையில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சு மாதக் கடைசியிலும் செப்டம்பர் மாத நடுவிலும், உச்சிப்பொழுதில் நம் நிழல் நம் காலடியிலேயே விழும்.

கதிரவனிடமிருந்து வளிமண்டலத்தின் உச்சிக்கு வரும் ஆற்றல், கதிருக்கு நேர் எதிரே உள்ள ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,360 வாட். இரவு பகல், நடுப்பகுதி துருவம் எல்லாவற்றையும் சேர்த்து உலகம் முழுவதற்கும் பங்கிட்டால் சராசரி 340 வாட் ஆகும். அதில் 100-க்கு 30 பங்கை மேகமும் பனியும் மணலும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதியைப் பூமி வாங்கிக்கொண்டு, பிறகு வெப்பமாக வெளியே விடுகிறது. ஆனால் வரவும் செலவும் எல்லா இடத்திலும் சமமாக இல்லை. நடுப்பகுதியில் வரவு அதிகம், செலவு குறைவு. துருவங்களில் வரவு குறைவு, செலவு அதிகம். இந்தக் கணக்கைச் சரிசெய்யும் வேலையைத்தான் காற்றும் கடல்நீரோட்டமும் ஓயாமல் செய்துவருகின்றன. அவை இல்லாவிட்டால் நம் பகுதி இன்னும் வெந்துபோகும். துருவப் பகுதி இன்னும் உறைந்துபோகும்.

அடுப்புக்கு மேலே புகை எழுவதைப் பார்க்கிறோம். சூடான காற்று லேசாகி மேலே போகிறது. அந்த இடத்தை நிரப்பப் பக்கத்துக் காற்று உள்ளே வருகிறது. பூமத்திய ரேகைப் பகுதி உலகத்தின் அடுப்பு. இங்கே ஈரக்காற்று பல கிலோமீட்டர் உயரத்திற்கு எழும்பிக் குளிர்ந்து, மேகமாகி, மழையாகக் கொட்டுகிறது. மழையை இழந்த காற்று மேலேயே வடக்கும் தெற்குமாகப் பரவி, ஏறக்குறைய 30 பாகையில் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று வறண்ட காற்று. சஹாராவும் அரேபியாவும் பாலைவனமாகக் கிடப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். நம் காடு பச்சையாக இருப்பதும் அந்த மணல் காய்ந்து கிடப்பதும் ஒரே காற்றின் வேலை.

அப்படி இறங்கிய காற்று தரையோடு தரையாகப் பூமத்திய ரேகைக்குத் திரும்புகிறது. ஆனால் நேராக வருவதில்லை. கிழக்கிலிருந்து சாய்ந்து வருகிறது. ஏன் என்று 1735-இல் விளக்கியவர் ஜார்ஜ் ஹேட்லி என்னும் வழக்கறிஞர். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. பூமத்திய ரேகையில் நிற்கும் நாம் மணிக்கு ஏறக்குறைய 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றப்படுகிறோம். வடக்கே போகப் போக வட்டம் சிறிதாவதால் வேகம் குறையும். ஆகவே வடக்கிலிருந்து வரும் காற்று, வேகமாக ஓடும் நம் தரையோடு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது. பின்தங்கும் காற்று நமக்குக் கிழக்கிலிருந்து வீசுவதாகத் தெரிகிறது. இந்த விளக்கத்தைப் பிற்காலத்தில் திருத்தி முழுமையாக்கியவர் வில்லியம் பெரல் என்னும் அமெரிக்கர். பண்ணையில் வேலை செய்து வளர்ந்து, பள்ளி ஆசிரியரானவர். அவர் 1856-இல் எழுதிய கட்டுரையில், சுழலும் பூமியில் எத்திசையில் ஓடும் காற்றும் வட பாதியில் வலப்பக்கமாகவும் தென் பாதியில் இடப்பக்கமாகவும் திரும்புவதைக் காற்றோட்டத்தோடு பொருத்திக் காட்டினார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாங்கள் இந்தப் பாடத்தை நடத்தும்போது, இவர் பண்ணை வேலை பார்த்து வளர்ந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்வது வழக்கம்.

இனி நம் பருவமழைக்கு வருவோம். பூமி 23.5 பாகை சாய்ந்து நிற்பதால், நேர்க்கதிர் விழும் இடம் ஜூனில் வடக்கேயும் டிசம்பரில் தெற்கேயும் நகர்கிறது. மழைப்பட்டையும் அதன் பின்னாலேயே நகர்கிறது. டிசம்பரில் சைபீரியாவின் பெருநிலம் உறைந்து, அங்கே கனத்த குளிர்காற்று குவிகிறது. அது தெற்கே வழிந்து, தென்சீனக் கடலின் வெதுவெதுப்பான நீரில் ஈரத்தைக் குடித்துக்கொண்டு, நம் கிழக்குக் கரையில் மோதுகிறது. இதுவே நம் வடகிழக்குப் பருவமழை. இதே பருவத்தில், இதே பெயரோடு, வங்கக் கடல் வழியாக வீசும் காற்றுதான் தமிழ்நாட்டுக் கரைக்கு ஐப்பசி கார்த்திகை மழையைத் தருகிறது. அங்கே ஏரி நிரம்பிய செய்தியும் இங்கே ஆறு பெருகிய செய்தியும் அடுத்தடுத்து வருவது இதனால்தான்.

இவ்வளவு பெரிய ஏற்பாடு ஓராண்டு தவறிவிட்டால் என்ன ஆகும்? அந்தக் கேள்விக்கு 1876-ஆம் ஆண்டு விடை சொன்னது. அவ்வாண்டு சென்னை மாகாணத்தில் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. பல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம், கோயமுத்தூர், வடஆர்க்காடு என்று மாவட்டம் மாவட்டமாகப் பஞ்சம் பரவியது. மறு ஆண்டும் நெடுநாள் மழை கைவிட்டது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் 50 லட்சத்திற்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள்.

மழை பொய்த்தது காற்றின் செயல். ஆனால் அத்தனை பேர் மாண்டதைக் காற்றின்மேல் மட்டும் போட்டுவிட முடியாது. பஞ்ச காலத்திலும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. பஞ்ச நிவாரண வேலையில் கல் உடைத்தவனுக்கு 1877-இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். ஒரு ராத்தல் என்பது ஏறக்குறைய 450 கிராம். உழைக்கிற உடம்புக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் வாதாடினார். கடனும் நிலமின்மையும் சாதிக் கொடுமையும் ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருந்த மக்களுக்கு மழையும் இல்லாமற்போனபோது, கடல் கடப்பது ஒன்றே வழியாகத் தோன்றியது. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் போனார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் வந்தார்கள். அதற்குப் பிந்திய காலத்திலும், மழை தவறிய ஆண்டுகளில் ஆள் சேர்ப்பது கங்காணிகளுக்கு எளிதாக இருந்தது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை நின்றது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்கவேண்டும். சென்னை மாகாணம் பசியில் துடித்த அதே 1877-இல்தான், 22 ரப்பர் நாற்றுகள் இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன. அவை முந்திய ஆண்டு பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து கொண்டுபோன விதைகளில் முளைத்தவை. அமேசானும் மலாயாவும் உலகத்தின் இருவேறு கோடிகள். ஆயினும் இரண்டும் பூமத்திய ரேகையை ஒட்டியவை. ஈரக்காற்று மேலெழும் பட்டையில் உள்ளவை. ஆகவே அந்த மரம் இந்த மண்ணில் உடனே ஒட்டிக்கொண்டது. மழை நிறைந்த இடத்தை நாடி மரம் வந்தது; மழை பொய்த்த இடத்திலிருந்து மக்கள் வந்தார்கள். இரண்டும் சந்தித்த இடம்தான் தோட்டம். நம் குடும்பங்களின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

அந்தப் பஞ்சம் அறிவியலையும் உலுக்கியது. இந்திய வானிலைத் துறை 1875-இல்தான் தொடங்கப்பட்டிருந்தது. அதன் தலைவர் பிளான்போர்டு, இமயமலைப் பனிக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து முன்னறிவிப்புச் சொல்ல முயன்றார். ஆனால் 1899-இல் அத்துறை நல்ல மழையை எதிர்பார்த்திருக்க, மீண்டும் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்தது. பிறகு 1904-இல் பொறுப்பேற்றவர் கில்பர்ட் வாக்கர். அவர் கணித அறிஞர். இந்திய எழுத்தர்களின் துணையோடு உலகெங்குமுள்ள காற்றழுத்தக் கணக்குகளை ஆண்டாண்டாக ஒப்பிட்டார். பசிபிக் கடல் பக்கம் அழுத்தம் உயர்ந்தால் இந்தியக் கடல் பக்கம் தாழ்கிறது. இங்கே உயர்ந்தால் அங்கே தாழ்கிறது. தராசுத் தட்டுகளைப் போன்ற இந்த ஆட்டத்திற்கு 1924-இல் தென்கோள அலைவு என்று பெயரிட்டார். ஆனால் அது ஏன் ஆடுகிறது என்பதை அவரால் சொல்ல முடியவில்லை.

விடை பெரு நாட்டு மீனவர்களிடம் இருந்தது. சில ஆண்டுகளில் கிறிஸ்துமஸ் காலத்தில் அவர்களுடைய குளிர்ந்த கடல் வெதுவெதுப்பாகி, மீன் அற்றுப்போகும். அதைக் குழந்தை இயேசுவின் பெயரால் எல் நினோ என்று அழைத்தார்கள். வழக்கமாக, கிழக்கிலிருந்து வீசும் காற்று பசிபிக் கடலின் சூடான மேல்நீரை நம் பக்கம் தள்ளிவைக்கிறது. சூடான நீருக்குமேல் காற்று எழும்பி, நமக்கு மழை தருகிறது. அந்தக் காற்று தளர்ந்தால் சூடான நீர் கிழக்கே நகர்ந்துவிடும். மழையும் அதன்கூடவே போய்விடும். வாக்கர் கண்ட தராசும் மீனவர் கண்ட எல் நினோவும் ஒன்றே என்று 1969-இல் விளக்கியவர் ஜேக்கப் பியர்க்னெஸ் என்னும் அறிஞர். பழைய ஏடுகளை ஆராய்ந்த பின், 1877-78-இல் நிகழ்ந்தது நாம் அறிந்தவற்றுள் மிகக் கடுமையான எல் நினோக்களில் ஒன்று என்று தெரியவந்தது. 1876-இல் தொடங்கிய வறட்சியை அது நீட்டித்தது. அதே காலத்தில் சீனாவிலும் வடகிழக்குப் பிரேசிலிலும் பஞ்சம் தாக்கியது.

எல் நினோ வந்தால் கட்டாயம் பஞ்சம் என்றும் கொள்ளக்கூடாது. 1997-இல் கடுமையான எல் நினோ வந்தும் இந்தியாவில் மழை வழக்கம்போலவே பெய்தது. ஆனால் நம் பக்கத்தில் அவ்வாண்டு வறட்சியும், காட்டுத்தீயின் புகைமூட்டமும் சேர்ந்து வந்தன. 2015-இலும் அப்படியே. அந்த வறட்சியைத் தொடர்ந்து, கோத்தா திங்கி மாவட்டத்திலுள்ள லிங்கியூ நீர்த்தேக்கத்தில் 2016 அக்டோபரில் கொள்ளளவில் 100-க்கு 20 பங்கு நீரே மிஞ்சியது. கடலின் உப்புநீர் ஜொகூர் ஆற்றில் ஏறிவராமல் தள்ளிவைப்பதும் அந்தத் தேக்கத்திலிருந்து விடும் நீர்தான். 1877-இல் நம் முன்னோரின் வயலைக் காயவைத்த அதே தராசு, 2016-இல் நம் ஆற்றின் தலைமாட்டிலும் கை வைத்தது.

குறைந்தால் இப்படி, மிகுந்தால் எப்படி என்பதையும் நம் வட்டாரம் கண்டிருக்கிறது. பூமத்திய ரேகைக்கு 5 பாகைக்குள் பூமிச் சுழற்சியின் திருப்பும் விசை மிகக் குறைவு. ஆகையால் அங்கே சூறாவளி உருவாகாது என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. ஆனால் 2001 டிசம்பர் 26-ஆம் நாள், ஏறக்குறைய 1.5 பாகையில், தென்சீனக் கடலில் வாமெய் என்னும் சூறாவளி உருவாயிற்று. பல நாள் விடாமல் வந்த வடகிழக்குக் காற்று போர்னியோ ஓரத்துச் சுழலோடு கூடியதால் நேர்ந்தது இது. மறுநாள் அது ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறி, வெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டுவந்தது.

அடுத்தது 2006 டிசம்பரும் 2007 சனவரியும். மாநிலத்தின் சில இடங்களில் நான்கே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. கோத்தா திங்கி நகரம் நீரில் மூழ்கியது. மக்கள் வீடு திரும்பிக் கூடத்துச் சேற்றை வழித்து முடித்த சில வாரங்களிலேயே இரண்டாம் வெள்ளம் வந்தது. ஜொகூர் மாநிலத்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டவர்கள் துயர்துடைப்பு நிலையங்களில் தங்கினார்கள். அலமாரிமேல் வைத்த பள்ளிப் புத்தகமும் பிறப்புப் பத்திரமும்கூட ஊறிப்போன வீடுகள் பல.

இனி என்ன ஆகும்? 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் உலகின் சராசரி வெப்பம் 1 பாகைக்குமேல் கூடியிருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் சேர்ந்த கரியமில வாயு, பூமி வெளியே விடும் வெப்பத்தைத் தடுத்துவைப்பதே இதற்குப் பெருங்காரணம். காற்று 1 பாகை சூடானால் அது தாங்கும் ஈரம் 100-க்கு 7 பங்கு கூடும். கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும் மழைக்கு இது வழி செய்கிறது.

நேயர்களே, இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? காற்றும் மழையும் யாருடைய கோபமும் அல்ல, காரணத்தோடு நிகழ்பவை. காரணம் உள்ளதை ஓரளவேனும் முன்கூட்டி அறியலாம். 1876-இல் சேலத்து உழவனுக்கு வரப்போவதைச் சொல்ல யாரும் இல்லை. வந்த பிறகும் அவன் பசிக்கு உரியபடி யாரும் செவிசாய்க்கவில்லை. இன்று கடலின் சூட்டை அளந்து, எல் நினோ வருவதைச் சில மாதங்களுக்கு முன்பே சொல்கிறார்கள். மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுக்கிறது. ஆற்றின் மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறை அளந்து வெளியிடுகிறது. ஆனால் சொன்னால் மட்டும் போதாது. சொன்னது லயத்தின் கடைசி வீடுவரை வந்து சேரவேண்டும். பல வீடுகளில் பெரியவர்களைவிடப் பிள்ளைகளே மலாய் அறிவிப்பை விரைவாகப் படிக்கிறார்கள். அவர்களைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதைத் தனியாக வாழும் முதியவர்களுக்கும் சொல்லுங்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருந்து, பள்ளிப் புத்தகம் ஆகியவற்றை நவம்பரிலேயே ஒரு நெகிழிப்பையில் கட்டி, எளிதில் எடுக்கும்படி வையுங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தபின் கோழியையும் தொலைக்காட்சியையும் நினைத்துத் தயங்கி நிற்கவேண்டாம்.

நம் முன்னோரை இந்த மண்ணுக்கு அனுப்பியதில் காற்றுக்கும் பங்கு உண்டு. அன்று அவர்களுக்கு அதைப் படிக்கும் வாய்ப்பு இல்லை. நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. புவியியல் பாடத்தில் காற்றோட்டப் படத்தை வரையும்போது, அதில் தங்கள் குடும்பத்தின் பாதையும் அடங்கியிருக்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.